பத்தொன்பது துணி

அந்த அறையில் இருந்தவர்கள்: கத்தி பிடித்த பெரிய டாக்டர். அவருக்கு எதிரில், ஆயுதம் எடுத்துக் கொடுக்கும் நர்சம்மா. தலைமாட்டில் மயக்க மருந்து சொட்டு விடும் கம்பவுண்டர், ஸ்ரீரங்கத்து ஐயங்கார். மேசை மேல் வயிறு கிழிந்த மணப்பாறை வண்டிக்காரர். கால்மாட்டில் எனாமல் வாளியோடு நான். வெள்ளை வாளி. விளிம்பில் ஓரிடம் பெயர்ந்து கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். வயிற்றைத் திறந்தால் ரத்தம் ஒற்ற இருபது துணி வைப்பார்கள். அவித்த துணி. நனைந்ததை வாளியில் வாங்குவது என் வேலை. அலசப் போடும்முன் எண்ணுவேன். எண்ணினதை யாரும் கேட்கமாட்டார்கள். நானும் சொல்லமாட்டேன். பெரிய டாக்டருக்கு நல்ல கை. கோபமும் அந்தக் கையில்தான் இருந்தது. எனக்கு முன்னால் வாளி பிடித்தவன் வேலை நடுவில் ஏதோ கேட்டான். இடுக்கியால் வாயில் அடித்தார். இரண்டு பல் வாளிக்குள் விழுந்தது. மறுநாள் வாளி என் கைக்கு வந்தது.

மருங்காபுரி விவசாயி ஒருவர், மாடு முட்டிக் குடல் சரிந்தவர். அவருக்குத் தைத்த அன்று பத்தொன்பதுதான் வந்தது. இரண்டு தரம் எண்ணினேன். பல் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் அவர் வயிறு வீங்கிக் கல்லாகிவிட்டது. மறுபடி அறுத்தார்கள். சீழோடு துணி வந்தது. நாற்றம் தாங்காமல் கம்பவுண்டர் வெளியே ஓடி வாந்தி எடுத்தார். சாயங்காலம் அந்த ஆள் செத்தார். அவர் சம்சாரம் என்னிடம்தான் கேட்டது. "நல்லாத்தானே இருந்தாருங்க. உள்ள என்ன இருந்துச்சு?" அங்கேயும் வாயை மூடிக்கொண்டேன்.

நர்சம்மாவிடம் மட்டும் சொன்னேன். பாலக்கரைக்காரர் அவர். திட்டவில்லை. "எனக்கும் சந்தேகம்தான். நானும் பேசல. மாடு முட்டினது பாதி, நம்ம வாய் மூடினது பாதி," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு நேரே வந்தார். அன்று டாக்டர் வரமாட்டார். கம்பவுண்டரையும் நர்சம்மா கூப்பிட்டிருந்தார். மேசை மேல் ஒரு தவிட்டு மூட்டையைக் கிடத்தினார். செம்மண் தண்ணீரில் நனைத்த துணிகளை உள்ளே திணித்தார். ஒன்றை எங்கேயாவது ஒளித்து வைப்பார். எண்ணிக்கை குறைந்தால் நான் உரக்கச் சொல்லணும். சொன்னதும் அவர் ஊசி நூலைத் தரக்கூடாது. கம்பவுண்டர் மயக்கத்தை நிறுத்தக்கூடாது. இதுதான் பழக்கம். வாராவாரம். வேலையை மாற்றியும் செய்யச் சொன்னார். வாளி பிடிக்க கம்பவுண்டர் ஒப்பவில்லை.

"மூணாவது தாண்டாத பய. இவன் எண்ணி நான் கேக்கணுமா? நூறு வரைக்கும் தெரியுமாடா நோக்கு?"

"இருபது வரைக்கும் தெரியும் சாமி. தவிட்டுக்கு அது போதும்."

நர்சம்மா சிரித்துவிட்டார். "இந்த மேசையைச் சுத்தி நிக்கிற வரைக்கும் எல்லாரும் எல்லாருக்கும் வாங்க போங்கதான், ஐயங்காரே. வெளியில போய் எப்படி வேணா திட்டிக்குங்க."

முதலில் துண்டைச் சுற்றி வாளியைப் பிடித்தார் கம்பவுண்டர். நாலாம் வாரம் வெறுங்கையால் பிடித்தார். எனக்குத்தான் வரவில்லை. தவிட்டு மூட்டைக்கு முன்னால்கூடக் குரல் எழும்பவில்லை.

அப்புறம் அந்த நாள். மணப்பாறை மாட்டுச் சந்தையில் ஒரு காளையின் மயிர்ச்சுழி நல்லதா கெட்டதா என்று பேச்சு முற்றி அரிவாளை எடுத்துவிட்டார்கள். ஒருவருக்கு மணிக்கட்டோடு கை போனது. ஒருவர் வழியிலேயே முடிந்தார். மூன்றாமவர் இந்த வண்டிக்காரர். சரிந்த குடலைத் தலைப்பாகையால் கட்டிக்கொண்டு வந்தார். தரையெல்லாம் ரத்தம். என் கால் வழுக்கியது. வெளியே கை போனவர் அலறிக்கொண்டிருந்தார். டாக்டருக்கு அவசரம். குடலைத் தைத்து உள்ளே தள்ளிவிட்டு, "நூல்" என்றார்.

"பத்தொன்பதுங்க," என்றேன்.

"என்னடா?"

"துணி பத்தொன்பதுதாங்க வந்திருக்கு. ஒண்ணு உள்ள இருக்கு."

இடுக்கியால் அடித்தார். கன்ன எலும்பில் பட்டுக் கிழிந்தது. ரத்தம் வாய்க்குள் போனது. வாளியை விடவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடி அடித்தார். "நூல்!" என்று நர்சம்மாவைப் பார்த்துக் கத்தினார். அந்தம்மா ஊசியை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது. "எண்ணிக்கை முடியலீங்க டாக்டர்." டாக்டர் கம்பவுண்டர் பக்கம் திரும்பினார்.

"அவர் சொல்றது வாஸ்தவம்," என்றார் கம்பவுண்டர். "மயக்கம் இன்னும் கால் மணி தாங்கும். தேடுங்கோ."

எனக்கு வயசாகிவிட்டது. நாவிதர் சவரம் செய்யும்போது தழும்பு வந்ததும் கத்தியை மெதுவாக ஓட்டுகிறார். நர்சம்மா போய்விட்டார். மற்ற இருவரும் போய்விட்டார்கள். வண்டிக்காரர் பிழைத்து, அதே சுழியில் ஒரு காளை வாங்கினார். இப்போதெல்லாம் எண்ணிச் சொல்லாமல் தைக்கமாட்டார்களாம். நல்லது. மருங்காபுரி அம்மாவுக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்று, கம்பவுண்டர் தேடச் சொன்னதும் டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். கையை உள்ளே விட்டார். வெகுநேரம் துழாவினார். ஈரலுக்கு அடியிலிருந்து, ஈரல் நிறத்திலேயே, ஒரு துணி வந்தது. என் வாளியில் போட்டார். நூலுக்குக் கை நீட்டவில்லை. நின்றார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

இருபது.