கூப்பிடு தூரம்

மாரமங்கலம் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் காப்பியும் மிளகும் பயிரிடும் பாவாயி, ஊராட்சித் திட்டக் குழு உறுப்பினர். கூட்டத்துக்குக் கூட்டம் அவர் கேட்டது ஒன்றைத்தான்: ஓடைக்கு ஒரு பாலம். எதிர் மேட்டில் பதினெட்டு வீடுகள். பஸ் நிற்பதோ இந்தப் பக்கம்.

மனு இரண்டு முறை திரும்பி வந்தது. 'பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம்?' என்ற கேள்விக்குப் பாவாயியே எழுதியிருந்தார்: 'கூப்பிடு தூரம்.' மலையில் அப்படிச் சொல்வதுதான் வழக்கம். ஆபீசில் அதற்கு அர்த்தம் வேறு.

இடம் பார்க்க வந்த இன்ஜினியர் சிரித்தார். "கூப்பிடு தூரத்துக்குப் பாலம் எதுக்குங்கம்மா?"

பாவாயிக்குச் சுருக்கென்றது. எதிர் மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கலா! இன்ஜினியர் உங்க ஊட்டுக்கு வர்றாரு, காப்பி வெய்யி கண்ணு!"

"வெக்கிறனுங்க அக்கா!" பதில் தெளிவாகக் கேட்டது.

"பாத்தீங்களா, பக்கந்தானுங்களே" என்றார் இன்ஜினியர்.

"ஆமாங்க. வாங்க, போலாம்."

ஓடையில் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடியதால் காட்டுவழியாகச் சுற்றி நடந்தார்கள். இன்ஜினியர் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்ததும் கலா தம்ளரை நீட்டினாள்.

"ஆறிப்போச்சுங்க. அக்கா கூப்பிட்டப்பவே போட்டதுங்க."