சாதிக் பாயின் வலது கை

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடைக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள். நேற்று அந்த வழியாகப் போனபோது டீசல் மோட்டார் புகையும் ஈரமண் வாசனையும் சேர்ந்து அடித்தன. உடனே எனக்குப் பல் வலித்தது. வலித்த இடத்தில் எனக்குப் பல்லே கிடையாது, அதுதான் வேடிக்கை.

வளைகுடாவில் ஒரு பாலைவன நகரம் கண்ணெதிரே எழும்பிக்கொண்டிருந்தபோது நான் அங்கே பம்ப் மெக்கானிக். கிணத்துக்கடவில் எங்கள் தோட்டத்தில் எத்தனை அடி போர் போட்டாலும் புழுதிதான் வந்தது. அங்கேயோ கடலோரம் கொஞ்சம் தோண்டியதும் உப்புத்தண்ணீர் பீறிடும். அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அஸ்திவாரம் போட முடியும். தண்ணீர் இல்லாமல் ஊரைவிட்டுப் போனவன் தண்ணீரை வெளியே கொட்டிப் பிழைத்தேன். சிரிக்காதீர்கள்.

கூட வேலை பார்த்தவர் உக்கடம் சாதிக் பாய், என்னைவிட மூத்தவர். என்னை மாப்ள என்பார். கொசுவைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுவார் என்று கேலி செய்வோம்.

நம் ஊரில் ஆடிக்காற்று அடிக்கிற மாதத்தில் அங்கே இரும்பைத் தொட்டால் தோல் உரியும். அப்படியொரு மத்தியானம் கட்டட முதலாளி வந்தார். அவர் பேசுவது கேட்கவில்லை என்று ஃபோர்மேன் மோட்டார்களை நிறுத்திவிட்டான். நான் குழிக்கடியில் உறிஞ்சுகுழாய் நுனியில் அடைத்துப்போன ஃபுட்வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. பக்கத்து மண் கரைந்து சரிந்து இரண்டு காலையும் இறுக்கியது. அப்புறம் தண்ணீர் இடுப்புக்கு, நெஞ்சுக்கு. வெட்கமில்லாமல் ஆத்தாளைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

மேலே பாயின் குரல் கேட்டது. "ஏனுங்க, மோட்டாரப் போட்டுடுங்க. அடியில ஆளு இருக்குதுங்க."

ஃபோர்மேனுக்குத் தமிழ் தெரியாது. பாய்க்குப் பதற்றத்தில் இந்தி மறந்துவிட்டது. திரும்பவும் கெஞ்சினார். அவன் பாயை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். பைப் ரெஞ்சால் அவன் தாடையில் ஒன்று போட்டுவிட்டு, பாய் மோட்டாரை ஓட்டிக் கயிற்றை என்னிடம் வீசினார்.

தண்ணீர் வற்ற வற்ற மண்ணிலிருந்து காலைப் பிடுங்கினேன். மேலே வந்து பார்த்தால், வாயெல்லாம் ரத்தத்தோடு ஃபோர்மேன், கயிறு பிடித்த பாயின் வலது கையைக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தான். விரல் எலும்புகள் வெள்ளையாக வெளியே தெரிந்தன. பாய் கயிற்றை விடவில்லை. நான் அவன்மேல் விழுந்தேன். வீரம் என்று நினைக்காதீர்கள், கால் மரத்துப்போயிருந்தது. அவன் குத்தியதில் இரண்டு பல் போயின. நான் அவன் காதைக் கடித்தேன். சத்தியமாகக் கொல்லத்தான் நினைத்தேன்.

போலீஸ் வந்தபோது பாய், "நாந்தானுங்க அடிச்சுப்போட்டேன். அவன உட்டுடுங்க" என்று என்னைக் காட்டினார். யாரோ அதை அரபியில் சொன்னார்கள். அவரைச் சிறையில் வைத்துவிட்டு ஊருக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கை பிறகு மடங்கவேயில்லை. இடக்கையால் சோறு தின்னமாட்டேன் என்று பிடிவாதம். வீட்டில் அவர் மனைவிதான் ஊட்டுவார். நான் ஊரோடு வந்தபின் பக்ரீத்துக்கு மட்டும் அது என் வேலை.

"பெரிய உருண்டையா வெக்காத மாப்ள, உன்ன மாதிரி எனக்கென்ன பல்லா போயிருச்சு, அவசரமா முழுங்க?" என்பார்.

பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த பக்ரீத்துக்கும் அவர் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் பிரியாணி வந்தது. முதல் கவளத்தை உருட்டினேன். கை என் வாய்க்கு வராமல் எதிரே நீண்டு, அங்கேயே நின்றது.