வள்ளியின் ஓடைக்குப் பாலம் கேட்டேன்

வள்ளிக்கு நடந்த அநியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பில் ஒரு குறையும் இல்லாத பெண்ணைப் பிரசவத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மலையிலிருந்து இறக்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சும்மா உட்காரவைத்தார்கள். அவள் ஊருக்கும் அடிவாரத்துக்கும் நடுவே ஓடுகிற ஓடைக்குப் பாலம் இல்லை, அதுதான் காரணம். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்த ஓடை யாரையும் கடக்க விடாது. பாலம் போட வேண்டியவர்கள் போடவில்லை. தண்டனையை வருஷா வருஷம் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அனுபவிக்கிறார்கள்.

களப்பணி என்பது இரண்டு பக்கத்து வசவையும் ஒரே பையில் போட்டுச் சுமக்கிற வேலை. யூனிவர்சிட்டியில் சமூகவியல் எம்.ஏ. முடித்து, ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும்வரை என்று ஒரு தொண்டு நிறுவனத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தேன். பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் இருக்கிற குடியிருப்புகளிலிருந்து கர்ப்பிணிகளை மழைக்கு முன்னால் கீழே கூட்டிவருவது என் பொறுப்பு. படித்த படிப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஜீப்பின் பின்சீட்டில் முதுகு முறிய மலையேறியிருக்கிற என் இனத்தாருக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரங்குக்கும் ஒரு வார்த்தை

முதல் தடவை போனபோது வள்ளி மரச்சீனித் தோட்டத்தில் நின்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. பகலில் குரங்கை விரட்டுவது அவள் பாடு. ராத்திரி பரணில் உட்கார்ந்து பன்றியை விரட்டுவது அவள் புருஷன் மாடன் பாடு. அந்தக் கிழங்குதான் அந்த வீட்டுக்கு வருஷச் சாப்பாடு. ரத்தப்போக்கு, குறைப்பிரசவம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் நான் எடுத்துவிட்டேன். தோளில் பை மாட்டிய பெண் யாராக இருந்தாலும் அங்கே டீச்சர்தான். நான் டீச்சர் இல்லை என்று அதற்கும் தனியாக ஒரு வாதம் செய்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஓடைமேல் நடக்க ஒரு பாலம் இருந்தால் வலி வந்த பிறகு தானே இறங்கி வந்துவிடுவேன், மூத்தவளுக்குத் தண்ணீர் குறைந்த பங்குனியில் அப்படித்தான் வந்தேன் என்றாள். இந்த ஒரு தடவை வா, அடுத்த மழைக்குள் பாலத்துக்கு நான் பொறுப்பு என்று அந்த வேகத்தில் சொல்லிவிட்டேன். வள்ளி தகரத்தைக் கீழே வைத்தாள்.

"நான் வாரேன் டீச்சர். இந்தக் குரங்குட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

யாருக்குச் சீக்கு?

வார்டில் மற்ற பெண்களுக்கு வீட்டிலிருந்து தூக்குவாளியில் ரசம் வரும், வற்றல் குழம்பு வரும். வள்ளியைப் பார்க்க யாரும் வர முடியாது. ஓடை நிரம்பி, மாடனும் மகளும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். சும்மா இருக்கத் தெரியாமல் அவள் வார்டைக் கூட்டினாள். கர்ப்பிணி குனியலாமா என்று அதற்கும் திட்டு வாங்கினாள். நான் நர்ஸிடம் சண்டைக்குப் போனேன். பாலம் இல்லாத குற்றத்துக்கு மலைப்பெண்களை அடைத்துவைக்கிற இடம்தானே இது என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலையிலிருந்து நின்ற கால் நோகிறது, பாலம் போடுகிற வேலை எனக்கு யாரும் தரவில்லை என்றார். அதுவும் நியாயம்தான். கோபித்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் போவதுதான் இந்த வேலையில் பெரிய அலுப்பு.

ஆண் பிள்ளை, சுகமாகப் பிறந்தது. பிறந்த பிறகும் தண்ணீர் வடியும்வரை அங்கேயே கிடந்தாள். மாடன் இரவும் பகலும் ஒற்றை ஆளாகக் காவல் காத்துப் பார்த்து ஓய்ந்துபோனார். முக்கால் தோட்டம் போயிற்று. தண்ணீர் வடிந்து அந்தச் சேதி வந்த அன்றுதான் வள்ளி ஊர் திரும்பத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த பக்கத்துக் கட்டில்காரி, இவ்வளவு நாள் படுத்துக்கிடந்தாயே, உனக்கு என்னதான் நோய் என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. எங்க ஓடைக்குத்தான் சீக்கு."

செருப்பு நனையக் கூடாது

பாலம் கேட்டு நான் கொடுத்த மனுவுக்கு, ஓடையைப் பார்க்க இன்ஜினியர் பங்குனியில் வருவதாகச் சேதி வந்தது. பங்குனியில் அங்கே கணுக்கால் தண்ணீர்தான் ஓடும், மழைக்காலத்தில் வாருங்கள் ஐயா என்றேன். மழைக்காலத்தில் எப்படிம்மா அங்கே வர முடியும் என்று கேட்டார். நாங்களும் அதைத்தானே கேட்கிறோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கணுக்கால் தண்ணீராவது அவர் காலில் படட்டும் என்ற நம்பிக்கையோடு கூட்டிப்போனால், ஓடையில் பாலம் கிடக்கிறது. காட்டில் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தை மாடனும் இன்னும் சிலரும் உருட்டிக்கொண்டு வந்து குறுக்கே போட்டு, மண் கொட்டி மட்டமாக்கி, மூங்கிலில் கைப்பிடி வேறு கட்டியிருந்தார்கள். இன்ஜினியர் செருப்பு நனையாமல் அக்கரைக்குப் போனார். அவித்த கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் சாப்பிட்டார். செருப்பு நனையாமல் திரும்பி வந்தார். இத்தனை உறுதியான பாலம் ஏற்கெனவே இருக்கிறதே, பிறகு எதற்கு என்னை அலையவிட்டாய் என்று என்னிடம் வருத்தப்பட்டார். முதல் வெள்ளத்திலேயே இந்த மரம் கீழே இருக்கிற அணைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஜீப் வரைக்கும் பேசிக்கொண்டே ஓடினேன். ஜீப் போய்விட்டது.

நம் வழக்கை நாமே தோற்கடித்துக்கொண்டோமே, அந்த ஆளைத் தண்ணீரில் இறக்கியிருக்க வேண்டாமா என்று மாடனைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வீடு தேடி வாரவர தண்ணிக்குள்ள எறங்குன்னு எப்படி டீச்சர் சொல்லுறது?"

என் வாதமே எனக்கு எதிரி

காட்டு இலாகாவின் சம்மதம் இல்லாமல் அங்கே ஒரு கல்லை நகர்த்த முடியாது. அந்த அலுவலகத்தில் இருந்த வனவர் அண்ணாச்சிக்கு என் அப்பா வயது. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பைய ஆரம்பித்தார். பாலம் வந்தால் பின்னாலேயே ரோடு வரும், ரோட்டில் டூரிஸ்ட் வருவான், அவனுக்குப் பின்னால் ரிசார்ட்காரன் வருவான், கடைசியில் இந்த ஜனங்களுக்கே மலையில் இடம் இருக்காது. நாங்கள் கேட்பது நடைபாலம், ஒரு ஆள் அகலம்தான் என்றேன். எல்லா ரோடும் ஒரு ஆள் அகலத்தில்தான் ஆரம்பிக்கிறது என்றார்.

மலைக்குள் ரோடு போடுவதால் வரும் கேடுகளைப் பற்றி இதே வாதத்தைக் கருத்தரங்கில் வாசித்துக் கைதட்டல் வாங்கியவள் நான். ஏ.சி. அரங்கில் அது எவ்வளவு கச்சிதமாக இருந்தது. ரிசார்ட்காரனுக்கு வேறு நூறு வழி இருக்கிறது அண்ணாச்சி, வள்ளிக்கு இந்த ஓடை ஒன்றுதான் வழி என்று ஒரு மாதிரி சமாளித்தேன். அவர் டீ கிளாஸை ஓரமாக வைத்தார்.

"நீங்க படிச்ச பிள்ள. நான் சொல்லுறதுல நியாயம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும்லா."

சிரிக்கிற படம்

இதற்கு நடுவில் எங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே சந்தோஷம். அந்த மலையில் வீட்டுப் பிரசவமே இல்லை என்று ஆக்கிவிட்டோமாம். வள்ளி பிள்ளையோடு சிரிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், சுவரொட்டிக்கு. அவள் கிழங்கு போன துக்கத்தில் இருக்கிறாள், சிரிக்க மாட்டாள், சுவரொட்டியில் பாலத்தைப் பற்றியும் ஒரு வரி போடுங்கள் என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுக்காத குறை.

"பாலம் நம்ம திட்டத்துல இல்லம்மா. பிரசவத்தோட நம்ம பொறுப்பு முடிஞ்சுது."

கடைசியாக ஒரு பதில்

ஆடி மாதம், மழைக்கு முன்னால் கடைசி முயற்சியாக, திருநெல்வேலியில் ஒரு பெரிய அதிகாரியைப் பார்க்க நேரம் வாங்கினேன். வள்ளி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். கூடவே ஐந்து மாத வயிற்றோடு அவள் நாத்தனாரையும் கூட்டிவந்தாள்; கார்த்திகையில் அந்தப் பெண்ணுக்குப் பிரசவம். அவளாவது கடைசி நாள் வரைக்கும் தன் வீட்டில் இருக்கட்டும் என்பதற்காகத்தான் இருவரும் விடியுமுன்பே மலையிறங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள்.

அதிகாரி நல்லவர். மூவரையும் உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் ஏற்கெனவே படித்திருந்தார். கடந்த சில மழைக்காலங்களில் உங்கள் ஊரிலிருந்து ஒரு அவசரக் கேஸ்கூட ஓடையைக் கடந்ததாக இல்லையே, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார். முன்கூட்டியே இறக்கிவிடுகிறோம் சார், அதனால்தான் ஆகவில்லை, அதற்கு இவர்கள் கொடுக்கிற விலை எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்று நான் ஆரம்பித்தேன். தோட்டத்தைச் சொன்னேன், மரப்பாலத்தைச் சொன்னேன், தாய் இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் இருந்த மகளைச் சொன்னேன். என் குரல் ஏறியதில் வெளியே நின்ற பியூன் எட்டிப்பார்த்தார். அதுவரை வாய் திறக்காத வள்ளி என் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அப்போ ஒருத்தி அந்தத் தண்ணியோட போனாத்தான் பாலம் வருமாய்யா?"

அதிகாரி கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, என்னைக் கைகாட்டி அவளுக்கு ஆறுதலாகச் சொன்னார்.

"ஏம்மா அப்படிப் பேசுதீங்க? இந்தப் பிள்ளதான் ஒருத்தர் விடாமக் கூட்டிட்டு வந்துருதே. இவ்வளவு நல்லா வேல நடக்கும்போது, பாலத்துக்கு என்ன அவசியம்னு நான் மேல எழுதட்டும்?"

பாலம் வராமல் பார்த்துக்கொள்ள நான் இத்தனை திறமையாகப் பாடுபட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது; வருகிற ஐப்பசி பிறக்குமுன்பே அந்த நாத்தனாரைக் கீழே கூட்டிவரவும் நான்தான் மலையேற வேண்டும்.