டூரிட் வடிகட்டிய தண்ணீர்

காலையில் முதல் வேலையாகத் தொட்டிக் கண்ணாடிகளைத் துடைப்பாள் டூரிட். நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகே எங்கள் கடல் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக எதிலும் அவள் பாசி படியவிட்டதில்லை. அவளை நம்பித்தான், தான் ஆறு வருடம் வளர்த்த கடற்பஞ்சு உயிரிகளை விட்டுவிட்டு ஆய்வாளன் ஒட்வார் கப்பலேறினான். குழாயில் கடல்நீர் கலங்கலாக வந்ததால் அவள் வடிகட்டி மாட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து அவன் திரும்பியபோது கடற்பஞ்சுகள் சுருங்கிக் கறுத்திருந்தன.

"தண்ணி என்ன இவ்வளவு தெளிவா இருக்கு, குடிக்கவா வச்சிருக்க?"

"அழுக்கா வந்துச்சு. அதான் வடிகட்டினேன்."

"அந்தக் கலங்கல்தான் டூரிட் இதுங்களுக்குச் சாப்பாடு. கிளம்புறப்பவே நான் சொல்லியிருக்கணும்."

டூரிட் கைத்துணியை மடித்தாள்.

"கறுக்க ஆரம்பிச்சதும் இன்னும் நைசான வடிகட்டியா மாத்தினேன். ஒண்ணாவது பிழைக்குமா?"

தொட்டிக்குள் கைவிட்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்த ஒட்வார், ஈரக் கையோடு அறையைவிட்டு வெளியே போனான்.