தும்மலுக்குப் பயந்த நாட்கள்

அறுவை சிகிச்சையில் மகளைப் பெற்று மில்லர்புரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, உலகத்திலேயே எனக்குப் பெரிய பயம் தும்மல்தான். சிரிப்பை அடக்கலாம். இருமலை வெந்நீர் குடித்துத் தள்ளிப்போடலாம். தும்மல் சொல்லாமல் கொள்ளாமல் வரும். வந்தால் வயிற்றுத் தையல் பிரிந்துவிடும் என்று உறுதியாக நம்பினேன். "தும்மல் வந்தா தலையணைய வயித்தோட அமுக்கிக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்றுதான் நர்ஸ் சொல்லி அனுப்பினார். அந்த 'ஒண்ணும் ஆகாது' என் காதில் ஏறவே இல்லை. தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் கூன் போட்டு நடந்தேன்.

தொட்டிலில் அழுகிற பிள்ளையைக்கூட நான் எடுத்ததில்லை. அம்மாதான் தூக்கி என் மடியில் வைப்பாள். பால் குடித்ததும் வாங்கிக்கொள்வாள். கணவர் கப்பலில் இருந்தார், வீட்டில் வேறு ஆளில்லை. அம்மா குளிக்கப் போனால், 'இப்ப அழுதுராத தாயீ' என்று பிள்ளையைக் கும்பிடுவேன். பெற்றவளுக்கு இது என்ன கேவலம் என்று ஆத்திரமாக வரும்.

அம்மாவுக்கோ என் பயம் வேடிக்கை.

"லாரில போற உப்பு மூட்டைத் தையலே பிரிய மாட்டேங்கு, ஒனக்குப் பிரியப் போவுதாக்கும்! நிமிந்து நடளா!"

"சிரிப்பு காட்டாதம்மா, வலிக்கு!" என்று கத்துவேன்.

ஒரு நாள் அம்மா பிரசவ மருந்து கிண்டினாள். சுறாப் புட்டு தின்றால் பால் ஊறும், மருந்து தின்றால் வயிறு ஆறும் என்பது அவள் கணக்கு. சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் வறுத்து மிக்ஸியில் பொடித்தவள், பொடி அடங்கும் முன்னே மூடியைத் திறந்துவிட்டாள். அடுக்களையில் அவள் தும்முவது கேட்டது. அடுத்து நெடி என் மூக்குக்கு வந்தது. தலையணை கட்டிலின் அந்தக் கோடியில் கிடந்தது.

வீடே அதிரத் தும்மினேன்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நைட்டிக்குள் கையை விட்டேன். அதுவரை பயந்துபோய் நான் தொடாத இடம். ஈரம் இல்லை. மெல்லிசாக ஒரு வரம்பு விரலில் தட்டுப்பட்டது, இளஞ்சூடாக, கெட்டியாக. அம்மாடி! இந்த வழியாகவா ஒரு முழு மனுஷி, நகமும் முடியுமாக, வெளியே வந்தாள்? நான் பயந்து கிடந்த நாளெல்லாம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இந்த உடம்பு தன்பாட்டுக்குத் தன்னை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் இதற்கு? எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது.

என் தும்மலில் திடுக்கிட்ட பிள்ளை வீறிட்டது. "அம்மா!" என்று கூப்பிட்டேன். அடுக்களையில் தும்மலுக்கு மேல் தும்மல், அவளால் பதில்கூடச் சொல்ல முடியவில்லை. பிள்ளை அழுது சிவந்துகொண்டிருந்தது.

எழுந்தேன். தொட்டிலுக்குள் குனிந்தேன். இழுத்தது, வலிக்கவும் செய்தது. பிரியவில்லை. கழுத்துக்கு அடியில் ஒரு கை, முதுகுக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்கித் தோளில் போட்டேன். அழுகை விசும்பலாகி நின்றது.

முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி, கண்ணெல்லாம் வழிய அம்மா ஓடிவந்தாள். தொட்டிலைப் பார்த்தாள். தாழிட்ட வாசல் கதவைப் பார்த்தாள்.

"யாருளா பிள்ளைய எடுத்துத் தந்தா?"

"நான்தாம்மா எடுத்தேன்" என்றேன். நிமிர்ந்து நின்றிருந்தேன்.