குவாமே வாசித்த மரண அறிவித்தல்கள்

குவாமே இறந்துவிட்டான். நேற்று மதியம், ஆஸ்பத்திரியில்.

இதை வாசிக்கும் பலருக்கு அவனைத் தெரியாது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், ஒரு கார்ப்பெட் கடைக்கு மேலே ஒரு கம்யூனிட்டி ரேடியோ இருந்தது. நான் அங்கே பார்ட் டைமாக அலுவலக வேலை பார்த்தேன். சனிக்கிழமை பின்னேரம் கறுப்பின இளைஞர்களுக்கான நிகழ்ச்சியை நடத்தியவன் அவன். அது முடிந்ததும் அதே ஸ்டூடியோவில் தமிழ் நிகழ்ச்சி.

அவனுக்கு சிக்கிள் செல். பிறவியிலேயே வந்த இரத்த நோய். வலி வந்தால் சில வாரங்கள் ஆளைக் காணக் கிடைக்காது. எங்கே போனாய் என்று கேட்டால், "ஹாலிடே, ஆன்ட்டி."

இந்த ஆன்ட்டி எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடு என்றேன். "என் அம்மா கானாக்காரி. உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன் என்று தெரிந்தால் வீட்டுக்குள்ளேயே விடமாட்டா."

எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான். விட்டுவிட்டேன்.

அவன் போடும் பாட்டுக்குக் கீழே கார்ப்பெட் கடைக் கண்ணாடி அதிரும். பாட்டுக்கு நடுவே பேச்சு... எந்தக் கடையில் செக்யூரிட்டி பின்னாலேயே வருகிறான், எந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமுடி பின்னியதற்காக வீட்டுக்கு அனுப்பினார்கள், ஓட்டுப் போட்டு என்ன பிரயோசனம்.

ஒரு பெண் ஃபோனில் வந்தாள். "அமெரிக்காவில் ஒரு கறுப்பர் ஜனாதிபதி ஆகிறார். எனக்கு இங்கே ஒரு சனிக்கிழமை வேலை கிடைக்கவில்லை."

"அப்போ நீ ஜனாதிபதி வேலைக்கு அப்ளை பண்ணு. சனி, ஞாயிறு லீவு."

ரேடியோ கமிட்டிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. யாரோ முறைப்பாடு செய்திருந்தார்கள். அரசியல் வேண்டாம், பாட்டு மட்டும் போடு, இல்லாவிட்டால் நிகழ்ச்சி இல்லை என்றார்கள். அதை அவனிடம் சொல்லும் வேலை எனக்கு. அவன் தலையாட்டினான். அந்த ஒரு மணித்தியாலத்தை விட்டால் அவனுக்கு வேறு இடம் கிடையாது.

தமிழ் நிகழ்ச்சி மரண அறிவித்தல்களுடன் தொடங்கும். சிவராசா அண்ணை வாசிப்பார். சாவகச்சேரியில் பிறந்து வெம்பிளியில் வசித்து வந்த இன்னார், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர்... ஒரே ஏற்றம், ஒரே இறக்கம்.

ஒருநாள் ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த குவாமே என்னிடம் கேட்டான்: "ஆன்ட்டி, அங்கிள் என்ன, ஃபுட்பால் ஸ்கோரா வாசிக்கிறார்?"

வெளியே வந்த அண்ணை, "உவன் என்ன கேக்கிறான்?" என்றார். சொன்னேன்.

"ஓம், ஓம். எல்லாரும் தோத்தவை எண்டு சொல்லு."

அந்தக் கோடையில் குவாமேயின் நண்பன் டேனியலை பஸ் ஸ்டாப்பில் கத்தியால் குத்திவிட்டார்கள். பேப்பரில் இரண்டு வரி. பெயர், பிறகு, 'ஏற்கெனவே பொலிசுக்குத் தெரிந்தவர்.'

சனிக்கிழமை குவாமே நேரத்தோடு வந்து அண்ணைக்காகக் காத்திருந்தான். உங்கள் அறிவித்தலை எப்படி எழுதுவது என்று கேட்டான்.

"முதல்ல பிறந்த இடம், பிறகு இருந்த இடம். பிறகு தாய், தேப்பன், சகோதரங்கள். ஒருத்தரையும் விடப்படாது. விட்டாயோ, சனம் ஃபோன் அடிச்சே உன்னைச் சாகடிச்சுப்போடும்." நான் இங்கிலீஷில் சொன்னேன். கடைசி வரியையும் சேர்த்து.

அன்று தன் நிகழ்ச்சியில் அவன் வாசித்தான். டெப்ட்ஃபர்டில் பிறந்து பார்க்கிங்கில் வசித்து வந்த டேனியல், கிரேஸின் மகன், மிஷெலின் அண்ணன், மிஸ்டர் ஜோசப்பின் பேரன், குவாமேயின் நண்பன்... வேறு ஒரு சொல் இல்லை. பிறகு பாட்டு.

கமிட்டி ரெக்கார்டிங்கைக் கேட்டது. இதில் அரசியல் எங்கே என்று ஒருவராலும் காட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு தாய்மார் ஃபோன் எடுக்கத் தொடங்கினார்கள். என் மகனுக்கும் வாசி. என் தம்பிக்கும். கத்தி, கார் விபத்து, லாக்கப், நோய்... வாராவாரம். பாட்டுக்கு நேரம் குறைந்துகொண்டே போனது.

ஒருநாள் கிச்சனில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னான். "ரோட்டில் என்னைக் கண்டால் ஆட்கள் மற்றப் பக்கம் கடக்கிறார்கள், ஆன்ட்டி. நான் செத்தவர்களுக்கு டீஜே. எனக்குப் பாட்டுப் போடணும்."

"அப்போ நிறுத்து."

"யார் வாசிப்பது? நீங்களா?"

நான் கப்பைக் கழுவினேன்.

அவன் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுகூட, கையில் பிளாஸ்டருடன் இருந்து வாசித்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை. ஒரு ஃபோன்கூட வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான், நான் இல்லை என்று தலையாட்டினேன். மைக்கைப் போட்டு, "இந்த வாரம் யாரும் இல்லை" என்றான். அதற்குப் பிறகு முழுக்கப் பாட்டு. கதிரையில் இருந்தபடியே ஆடினான். நான் அப்படி அவனைப் பார்த்ததில்லை.

நேரம் முடிந்தும் நிறுத்தவில்லை. நான் கண்ணாடியைத் தட்டப் போனேன். சிவராசா அண்ணை கையிலே தன் தாள்களுடன் நின்றார்.

"விடு பிள்ளை, போடட்டும்."

"உங்கடை நேரம் போகுது, அண்ணை."

"என்ரை ஆக்களுக்கு இனி என்ன அவசரம்?"

இன்னும் இரண்டு பாட்டுப் போனது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஃபோன்கள் வந்தன.

ரேடியோ மூடி இப்போது கொஞ்சக் காலம். அண்ணை மகளோடு கனடா போய்விட்டார். குவாமே எப்போதாவது டெக்ஸ்ட் அனுப்புவான், பெரும்பாலும் ஹாலிடேயிலிருந்து.

இன்று காலை அவன் தங்கையுடன் பேசினேன். அடக்கம் வெள்ளிக்கிழமை. ஒருவரும் எழும்பி ஒன்றும் வாசிக்கக்கூடாது என்று அவன் சொல்லியிருக்கிறானாம். ஒரு மணித்தியாலத்துக்குப் பாட்டுகளைத் தானே தெரிவுசெய்து கோர்த்துக் கொடுத்திருக்கிறான். சேர்ச்சில் இருக்கிற ஸ்பீக்கர் போதுமா என்றுதான் அவளுக்கு இப்போது கவலை.

எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிப்பதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

முழுவதும் இருந்து கேட்பேன். போயிட்டு வா, குவாமே.