சனிக்கிழமைகளில் காலியான வீடு

மந்தைவெளியில் இரண்டறை வீடு. மாமனார், அத்தை, கல்யாணமாகாத நாத்தனார், அவர், நான். தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு கரு கலைந்தது. அதன் பின்னால் வந்த இருட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தேன். குளிக்கச் சொன்னால் அழுவேன்; பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோக மறந்து உட்கார்ந்திருப்பேன். அடையாறில் ஒரு மனநல டாக்டர் கொடுத்த மாத்திரைதான் என்னை எழுப்பியது. மறுபடி பள்ளிக்கூடம் போனேன், பாடம் நடத்தினேன், மீன்காரியோடு பேரம் பேசினேன். எல்லாம் திரும்பி வந்தது, ஆசை மட்டும் வரவில்லை.

அவர் கை என் தோளில் விழும். கை தெரியும், அதன் சூடு தெரியும். முன்பெல்லாம் அந்தச் சூடு உடம்பெங்கும் ஓடும், ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது விழுந்த இடத்திலேயே நின்றது, பூட்டிய கடை வாசலில் நிற்கிற ஆள் மாதிரி.

அத்தைக்கு இது தெரியாது. மருமகள் தேறிவிட்டாள், இனி ஒரு பேரப்பிள்ளை வேண்டும், அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்கிற வீடல்ல அது. அதனால் சனிக்கிழமை சாயங்காலமானால் மாமனாரையும் மகளையும் கிளப்பிக்கொண்டு பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போய்விடுவார். பூசை முடிந்து, கடற்கரையில் சுண்டல் தின்று, நிதானமாகத்தான் வருவார்கள். கீழ்வீட்டு அக்கா ஒருநாள் வழிமறித்துக் கேட்டாள்:

"இன்னாம்மா, வாரா வாரம் ஜோடிய மட்டும் வுட்டுட்டுப் போய்க்கினு கீறீங்க?"

"அவளுக்கு பஸ்ல நின்னா தலை சுத்தும்" என்றார் அத்தை, முகம் மாறாமல். நாத்தனார்தான் சிரித்துவிட்டாள்.

எங்களுக்கென்று காலி செய்து தந்த வீட்டில் நாங்கள் இருவரும். முதலில் முயன்றோம். நான் கண்ணை மூடிக்கொண்டு பழைய இரவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தேன். எதிலும் ஓசை இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விலகினார்.

"எனக்காகப் படுத்துக்காதே."

அதற்குப் பிறகு பட்டாணி உரித்தோம். டிவி பார்த்தோம்.

டாக்டரிடம் போகும்போதெல்லாம் அத்தையும் உள்ளே வந்து உட்கார்வார். தூக்கம், பசி என்று டாக்டர் கேட்பதற்கு அவரே பதில் சொல்வார். ஒருமுறை தனியாகப் போய், மேசையைப் பார்த்தபடி கேட்டேன். மாத்திரையால்தான், பலருக்கும் இப்படி ஆகும் என்றார். அளவைக் குறைத்தார். ஆசை வரவில்லை, இருட்டு வந்தது. வேறு மருந்து மாற்றினார், அதிலும் அப்படியே. பழையதற்கே திரும்பினோம்.

"மொதல்ல நீங்க இருக்கணும்மா. மத்ததெல்லாம் அப்புறம்."

அப்புறம் என்றால் எப்போது என்று கேட்காமலே மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

ஒரு சனிக்கிழமை, அத்தை செருப்பை மாட்டும்போது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"நானும் வர்றேம்மா."

அத்தை அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவ தனியா இருப்பாளேடா."

"இருக்கட்டும்மா."

நால்வரும் தெருமுனை திரும்புவதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் இருந்திருப்பார். இருந்தவருக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? அழுகையாவது வரட்டும் என்று நின்றேன். தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. அழுகையும் வரவில்லை.